கூரை எவருடையதாயினும் பள்ளி தமிழாகுக!

கொங்குநாட்டில் ஊழ்கம் (தியானம்) பயில்வோர் தொகை பெருகி வருகின்றது. ஆலைச் சங்கொலியில் விழித்து, தறியோசையில் உறங்கி, கடன் கணக்கிலும் விலையேற்றத்திலும் நெஞ்சு தேயும் மக்கள் ஒரு நாழிகை அமைதிக்கு ஏங்குவது இயல்பே. அவ்வேக்கத்திற்கு விடையாக ஆழியாற்றின் அருகிலும் வெள்ளியங்கிரியின் அடியிலும் பெருங்கூடங்கள் எழுந்துள்ளன. இனியும் பல எழும். அவற்றுள் ஒன்று, புத்தர் காட்டிய நெறியில் அமர்ந்து உள்நோக்குதற்கென, தாய்லாந்து நாட்டின் மரபுக் கட்டடக் கலையைத் தழுவிக் காரமடைப் பக்கத்தில் எழுப்பப்படுமாயின், அஃது எவ்வாறு அமைதல் வேண்டும்?

இவ்வினா கட்டடவியலார்க்கு மட்டும் உரியதன்று. அக்கூரையின்கீழ் எந்த மொழி ஒலிக்கும், வாயிலில் எந்தப் பெயர் பொறிக்கப்படும், எந்த மண்ணின் கல்லும் மரமும் அதனைத் தாங்கும் என்பவை தமிழினத்தின் வினாக்கள்.

இரு சாரார் இதற்கு முந்திக்கொண்டு விடையிறுப்பர். ஒரு சாரார், பாங்காக்கில் கண்ட பொற்கூரையைப் படமெடுத்து வந்து, அதே கொம்பும் அதே வண்ணமும் அதே ஒப்பனையுமாகக் காரமடையில் நட்டுவிடத் துடிப்பர். மற்றொரு சாரார், 'அயலான் கூரை தமிழ்மண்ணுக்கு எதற்கு?' என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவர். முன்னவர் தோலைக் கண்டு உயிரை மறந்தவர். பின்னவர் மானத்தை நினைந்து வரலாற்றை மறந்தவர். இருவர் விடையும் பிழையே. கூரை கட்டும் அறிவை எந்நாட்டாரிடமிருந்தும் கற்கலாம். ஆனால் எழுவது தமிழ்ப்பள்ளியாதல் வேண்டும். மண்ணால் தமிழ், பெயரால் தமிழ், ஓதலால் தமிழ் என்னும் மூன்றும் அமையாத கட்டடம் எத்துணை அழகுடையதாயினும் தமிழர்க்கு ஒரு காட்சிப்பொருளேயன்றி வாழ்வுப்பொருள் ஆகாது.

நாகையில் எழுந்த பெரும்பள்ளி

கடல்கடந்த நாட்டார் தமிழ்மண்ணில் புத்தப்பள்ளி எழுப்புவது புதிய செய்தியன்று. ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே அது நிகழ்ந்துள்ளது. சிரீவிசயத்தையும் கடாரத்தையும் ஆண்ட மாறவிசயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு பள்ளி எடுப்பித்தான். சிவநெறிச் செல்வனாகிய முதலாம் இராசராசன் அதனைத் தடுத்தானல்லன். தன் 21-ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 1006 அளவில், ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அதற்கு வழங்கினான். அக்கொடையைச் செப்பேட்டில் பொறித்து நிலைநிறுத்தியவன் அவன் மகன் இராசேந்திரன். அவ்விராசேந்திரனே 1025-ஆம் ஆண்டளவில் கடாரத்தின்மேல் கடற்படை செலுத்தினான். படை சென்றது, பள்ளியோ இடியவில்லை. பகை அரசனோடேயன்றி அறத்தோடு அன்று என்பதனைச் சோழர் அறிந்திருந்தனர்.

அச்செப்பேடு ஆலந்து நாட்டு இலெய்டன் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டமையால் 'இலெய்டன் செப்பேடு' என்றே பெயர் பெற்றது. அதன் 21 ஏடுகளுள் 5 ஏடுகள் வடமொழியிலும் 16 ஏடுகள் தமிழிலும் அமைந்துள்ளன. அரசர் குலப்பெருமை பேசுமிடம் வடமொழி. ஊரின் எல்லை எது, நீர் எவ்வழிப் பாயும், எவ்வரி எவர்க்கு உரியது எனக் கொடை செயற்படும் இடமெல்லாம் தமிழ். கட்டியவன் அயலான், பள்ளி இயங்கியது தமிழில். முதற்குலோத்துங்கன் காலத்தில் 1090-ஆம் ஆண்டளவில் வெளியிடப்பட்ட சிறிய செப்பேடு, நாகையின் பள்ளிகளை 'இராசராசப் பெரும்பள்ளி' எனவும் 'இராசேந்திரசோழப் பெரும்பள்ளி' எனவும் தமிழ்ச்சொல்லாலேயே சுட்டுகின்றது.

இத்துணைப் பெருமையுடைய பள்ளிக்கு நேர்ந்த முடிவு யாது? காலம் செல்லச் செல்லத் தமிழர் அதன் பெயரை மறந்தனர். ஐரோப்பியர் அதனைச் 'சீனக் கோபுரம்' என்றழைத்தனர். 1846-இல் வால்டர் எலியட்டு அதனைக் கண்டு குறிப்பெழுதியபோது மூன்று நிலைச் செங்கற் கோபுரமொன்றே எஞ்சி நின்றது. 1867-இல் ஏசுசபைத் துறவியர் ஆங்கில அரசின் ஒப்புதலோடு அதனையும் இடித்து அகற்றினர். 1856 முதல் 1930-கள் வரை அம்மண்ணில் தோண்டியெடுக்கப்பட்ட ஏறத்தாழ 350 புத்தர் செப்புப்படிமங்களே அப்பள்ளிக்கு இன்று சான்று.

இடித்தவரை ஏசுவதால் மட்டும் பயனில்லை. பெரும்பள்ளி என்னும் பெயர் மக்கள் நாவில் வாழ்ந்திருந்தால், 'சீனக் கோபுரம்' என்னும் பொய்ப்பெயர் அதன்மேல் ஒட்டியிராது. பெயர் சாய்ந்தபின்னரே கோபுரம் சாய்ந்தது. காரமடையில் எழக்கூடிய எந்தப் பள்ளிக்கும் நாகை கற்பிக்கும் முதற்பாடம் இதுவே.

கடல் ஒருவழிப் பாதையன்று

தாய்லாந்திடமிருந்து கற்பது தமிழர்க்கு இரவல் வாழ்வாகாதோ என ஐயுறுவோர் அந்நாட்டின் மண்ணையே கேட்கலாம். அதன் மேலைக்கரையிலுள்ள தக்குவாபாவில் கி.பி. 9-ஆம் நூற்றாண்டைச் சார்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. 'அவனிநாரணம்' என்ற பெயரில் ஒரு குளம் தோண்டப்பட்டதையும், அது மணிக்கிராமத்தார் என்னும் தமிழ் வணிகக் குழுவினரின் காவலில் விடப்பட்டதையும் அக்கல் கூறுகின்றது. அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் சிறப்புப்பெயர். பொருளீட்டச் சென்ற தமிழன் அங்கு ஒரு குளத்தை விட்டு வந்தான் என்பது எண்ணி மகிழத்தக்கது.

அதனினும் பழைய சான்றும் உண்டு. கிராபிப் பகுதியில் குளோங்தோம் என்னுமிடத்தில் கிடைத்த பொன்னுரைகல்லில், அது பெரும்பத்தன் என்னும் பொற்கொல்லனுடைய கல் என்பது பழந்தமிழ் எழுத்தில் வெட்டப்பட்டுள்ளது. கி.பி. 3, 4-ஆம் நூற்றாண்டினதாக அறிஞர் கொள்ளும் அச்சிறு கல்லைக் காத்து வைத்திருப்பது அவ்வூர்ப் புத்தப்பள்ளியின் காட்சியகம். தமிழ்க் கொல்லன் விட்டுச்சென்ற கருவியைத் தாய்நாட்டுத் துறவியர் போற்றி வைத்துள்ளனர். அக்கல் கிடைத்த மேட்டுக்கு அந்நாட்டு வழக்கில் 'மணிமேடு' என்று பொருள்படும் பெயர் வழங்குகின்றது. நொய்யற்கரைக் கொடுமணலில் கல்மணி கடைந்து கடல்வழி ஏற்றிய கொங்கர் வழியினர்க்கு இச்செய்தி அயற்செய்தியன்று.

ஆதலின் தாய்லாந்துக் கூரையைக் கற்பது பிச்சையன்று. பழைய உறவின் தொடர்ச்சி. ஆயினும் உறவாடுவோன் தன் முகத்தோடு செல்லவேண்டும். முகமூடியோடு செல்பவனை உறவினனும் அறியான்.

அக்கூரை சொல்வது என்ன?

தாய்லாந்துப் பள்ளிகளின் அழகில் மயங்குவோர் முதலில் காண்பது கூரையின் ஒளியை. காணவேண்டியது அதன் கரணியத்தை. அங்கு மழை மிகுதி. எனவே கூரை செங்குத்தாகச் சரிந்து நீரை விரைந்து வடிக்கின்றது. ஒரே பெருங்கூரையாயின் மலைபோல் கனத்துத் தோன்றும். அதனை இரண்டு மூன்று அடுக்குகளாகப் பிரித்து ஒன்றன்மேல் ஒன்று படிய வைத்தமையால் பெரிய கட்டடமும் மென்மையுடன் எழுகின்றது. இறவாரம் தாழ்ந்தும் அகன்றும் நிற்பதால் சுவரில் வெயிலும் சாரலும் படுவதில்லை. தூண்களும் சுவர்களும் சற்றே உள்நோக்கிச் சாய்வதால் காண்போர் கண் தானே மேல்நோக்கி உயரும். அயுத்தியர் காலப் பள்ளிகள் பலவற்றின் அடித்தளம் நேர்கோடாக இராமல் படகின் வயிறுபோல் மெல்ல வளைந்திருக்கும். பிறவிக்கடலைக் கடத்தும் படகு என்பது அதன் உட்கருத்து. முகட்டின் முனையில் வானைத் தொடும் கொம்புக்கு 'வானக் குஞ்சம்' என்று பொருள்படும் பெயர் சூட்டியுள்ளனர். துறவியர் கூடும் மன்றத்தைச் சுற்றி எட்டுத் திசையிலும் எட்டு எல்லைக்கற்கள் நடுவது அங்கு நெடுவழக்கு.

அவர்தம் கட்டடச் சொற்களையும் செவிமடுக்கலாம். அவர்கள் 'மொண்டோப்பு' என்பது மண்டபம். 'சாலா' என்பது நடைபயணியும் துறவியும் தங்கும் திறந்த கொட்டகை. அறச்சாலை எனவும் சாலை எனவும் தமிழர் நெடுங்காலம் வழங்கிய சொல்லின் உறவே அது. சொல்லும் கருத்தும் கடல் கடந்து சென்று, அங்குள்ள மழைக்கும் மரத்திற்கும் ஏற்பத் தாய்மக்கள் கையில் வேறோர் உருப்பெற்றன. அவர்கள் காஞ்சியையோ தஞ்சையையோ படியெடுக்கவில்லை. பெற்றதைத் தம்முடையதாக்கிக் கொண்டனர். பின்பற்றவேண்டியது இவ்வாண்மையை.

பாங்காக்கிலுள்ள பெஞ்சமபோபிட்டுப் பள்ளி இதற்கு நல்ல சான்று. ஐந்தாம் இராமன் எனப்படும் சுலாலங்கோன் அரசன் காலத்தில், நரிசு இளவரசர் வரைந்த படத்தின்படி 1899-இல் அதன் பணி தொடங்கியது. பளிங்கு இத்தாலியிலிருந்து வந்தது. பலகணிகளில் ஐரோப்பிய முறையில் வண்ணக் கண்ணாடி பதிக்கப்பட்டது. ஆயினும் கண்டவர் எவரும் அதனை இத்தாலியக் கோயில் என்னார். கல் அயலது, உருவும் பெயரும் ஓதலும் அவர்களுடையன. புத்தர் மறைந்து 2500 ஆண்டு நிறைவைக் கொண்டாடிய 1956-ஐ ஒட்டிப் புத்தகயையில் தாய்லாந்து அரசு எழுப்பிய பள்ளி அதனையே மாதிரியாகக் கொண்டது. தம் நாட்டு வழிபாட்டாளர்க்காகத் தாய்நாட்டார் தம் முறையில் கட்டிக்கொண்டது தக்கதே. ஆனால் பாங்காக்கின் படியைப் புத்தகயையிலும், புத்தகயையின் படியைக் காரமடையிலும் எடுப்பது படிக்குப் படியெடுக்கும் வேலை. ஒவ்வொரு படிக்கும் மை மங்கும்.

கூரையே இல்லாத மன்றம்

இன்றைய காலத்திற்கு ஏற்ற பள்ளியைத் தேடுவோர் பொற்கூரையை விட்டுத் தெற்கே சையா என்னும் ஊருக்குச் செல்லல் வேண்டும். சிரீவிசயக் காலத்துச் சின்னங்கள் நிறைந்த பழம்பதி அது. அங்கு 1932-இல் புத்ததாசர் (1906-1993) என்னும் துறவி ஒரு சோலைப்பள்ளியைத் தொடங்கினார். 'சுவான் மோக்கு' என்னும் அதன் பெயர்க்கு வீடுபேற்றுச் சோலை என்பது பொருள். அப்பள்ளியின் தலைமை மன்றத்திற்குக் கூரையும் இல்லை, சுவரும் இல்லை. குன்றின்மேல் மண்தரை, சுற்றி நிற்கும் மரங்களே தூண், வானமே விதானம். புத்தர் மரத்தடியில் பிறந்தார், மரத்தடியில் அறிவு பெற்றார், மரத்தடியில் மறைந்தார். அவர் நெறியினர்க்குப் பொன்வேய்ந்த கூரை எதற்கு என்னும் வினா அதில் அடங்கியுள்ளது. அங்குள்ள வேறு கட்டடமொன்று படகின் உருவில் அமைந்து மழைநீரைத் தேக்கி வைக்கின்றது. பழைய படகுக் கருத்து வெறும் வளைவாக நில்லாமல் தண்ணீர்த் தொட்டியாகப் பயன்படுகின்றது. மரபைப் புதுமையாக்குவது இவ்வாறே.

அவர் செய்த வேறொரு பணி இதனினும் பெரிது. பாலிமொழி ஓதல்களை வரிக்குவரி தாய்மொழியில் பெயர்த்து, இரண்டையும் சேர்த்து ஓதும் முறையை அப்பள்ளி நாடெங்கும் பரப்பியது. பொருளறிந்து ஓதுக என்பதே அதன் கருத்து.

காரமடையின் மண்ணும் மழையும்

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் நெடுஞ்சாலையில், நீலமலைத் தொடரைக் கண்ணெதிரே கொண்டு நிற்பது காரமடை. காரைச் செடி மிகுந்த நீர்மடை என்று பெயர்க்குக் காரணம் கூறுவர். மாசித் தேரும் பந்தசேவையும் அரங்கநாதர்க்குப் பெரும்புகழ் சேர்த்த ஊர் அது. அத்தகைய ஊரில் ஓர் ஊழ்கப்பள்ளி அமைவதால் எவர் நம்பிக்கைக்கும் இழுக்கில்லை.

பாங்காக்கில் பெய்யும் மழையில் பாதியும் கோவையில் பெய்வதில்லை. எனவே அங்குள்ள செங்குத்துச் சரிவு இங்குத் தேவையில்லை. இங்குத் தேவைப்படுவது நிழல். சரிவைக் குறைத்து இறவாரத்தை அகலப்படுத்துவதே காரமடைக்கு ஏற்ற முறை. கொங்கு நாட்டுப்புறத்து ஓட்டுவீடுகளில் திண்ணைக்கு மேல் தாழ்ந்து கவியும் எறவாரத்தை நோக்கினால், தாய்லாந்துக் கூரையின் இளைய தங்கை அது என்பது விளங்கும். கூரையை இரண்டு அடுக்காக்கி, அடுக்கிடை வெளியைச் சூடான காற்று வெளியேறும் வழியாக்கலாம். ஓட்டின் அடியில் பலகை மச்சு வேய்ந்தால் வெம்மையும் தணியும். ஓட்டின்மேல் விழும் மழையின் இரைச்சலும் அமர்ந்திருப்போர் செவியைத் தாக்காது. கைம்மரத்திற்கு முற்றிய பனை, தூணுக்குக் கருங்கல், சுவருக்குச் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும், தரைக்குக் காவி தேய்த்து மெழுகிய செந்தளம் எனக் கொங்குமண் தராத பொருள் எதுவுமில்லை. கல்வேலைக்குத் திருமுருகன்பூண்டிச் சிற்பியர் உளர். இரும்பும் கற்காரையும் இன்றிப் பெருங்கூடம் நிற்குமா என வினவுவோர், வெள்ளியங்கிரி அடிவாரத்தில் 1999-இல் திறக்கப்பட்ட 76 அடி அகலக் குவிமாடத்தைக் காணலாம். அது செங்கல்லும் மண்சுண்ணச் சாந்தும் கொண்டே எழுந்தது.

இக்கருத்துகளுக்கு மூலம் தாய்லாந்தினும் பழையதாகக் கொங்கிலேயே உண்டு. கருவூரை அடுத்த புகழூர் ஆறுநாட்டான் மலையிலும், ஈரோட்டை அடுத்த அறச்சலூர் நாகமலையிலும் அமணத் துறவியர்க்கென வெட்டிய கற்படுக்கைகள் உள்ளன. யாற்றூர்ச் செங்காயபன் என்னும் துறவிக்குச் சேரர் குடியினர் உறையுள் அமைத்துக் கொடுத்ததைப் புகழூர்க் கல்வெட்டு கூறும். தமிழகத்தின் இத்தகைய குகைப்பள்ளிகளில் பாறையின் நெற்றியில் ஒரு நீள்வரி காடியாகச் செதுக்கப்பட்டிருக்கும். பாறைமேல் வழியும் மழைநீர் அக்காடியில் தடைப்பட்டு வெளியே சொட்டும். உள்ளே அமர்ந்தவன் நனையான். தமிழனின் முதல் இறவாரம் அது. ஒரு விரல் ஆழக் காடி செய்த பணியையே பொன்னடுக்குக் கூரையும் செய்கின்றது. இன்றியமையாததைச் செய்தபின் நிறுத்துவது துறவியின் கட்டடக்கலை.

பள்ளியைச் சுற்றி நிழல்வேய்ந்த நடைவழி வேண்டும். அமர்ந்து செய்யும் ஊழ்கத்தோடு நடந்து செய்யும் ஊழ்கமும் தாய்நாட்டுக் காட்டுப்பள்ளிகளில் இன்றியமையாதது. தமிழர்க்கோ திருச்சுற்று பழகிய ஒன்று. எட்டு எல்லைக்கற்களை அப்படியே கொள்ளலாம். நடுகல் நட்டுப் பழகிய இனத்திற்குக் கல் நடுவதை எவரும் கற்பிக்க வேண்டா. அக்கற்களில் புத்தரின் எண்வழிகளை நற்காட்சி, நல்லூற்றம், நல்வாய்மை, நற்செய்கை, நல்வாழ்க்கை, நன்முயற்சி, நற்கடைப்பிடி, நல்லமைதி எனக் கல்லுக்கு ஒன்றாகத் தமிழில் வெட்டலாம். சுற்றி நடப்பவன் எட்டுச் சொல்லையும் காலால் கற்பான்.

புத்தர் படிமத்தைப் பாங்காக்கிலிருந்து வரவழைக்கவும் தேவையில்லை. நாகைப் படிமங்களின் தலைமுடிமேல் ஒரு தீச்சுடர் விளங்கும். தாய்லாந்தின் சுகோதைப் படிமங்களிலும் அத்தகைய சுடர் உண்டு. இரு நாட்டிற்கும் பொதுவான அச்சுடரைச் சுவாமிமலை வார்ப்புக் கலைஞர் மீண்டும் வார்த்தளிக்க வல்லர்.

இரண்டு எச்சரிக்கைகளும் தேவை. காரமடைக்கு மேற்கே மலையடிவாரம் யானைகள் நடமாடும் நிலம். காட்டை ஒட்டி வேலியிட்டு, யானையின் வழியை மறித்து எழுப்பும் மன்றத்தில் அருளறம் பேசுவது பொய்யுரையாகும். மலையைக் காணும்படி ஊரை ஒட்டிக் கட்டுக. மலையை மறிக்கும்படி கட்டற்க. மற்றொன்று, உள்ளே தரை ஒரே மட்டமாயிருத்தல் வேண்டும். தாய்நாட்டுப் பள்ளிகளில் துறவியர்க்கு மேடை உண்டு. சாதியால் மேடும் பள்ளமுமாகிக் கிடக்கும் கொங்குமண்ணில் எந்த மேடையும் நாளடைவில் எவர்க்கேனும் உரிமைமேடையாகிவிடும். தறி நெய்பவரும் தோட்டமுடையவரும் தெருக்கூட்டுபவரும் ஒரே தரையில் தோளோடு தோள் அமரும் கூடமே புத்தர் கூடம்.

பொருளறியா ஓதல்

இனி மொழி. பாங்காக்கில் அரசவைப் பார்ப்பனர் ஆண்டுதோறும் நிகழ்த்தும் ஒரு விழாவுக்குத் 'திரியம்பாவாய்' என்று பெயர். திருவெம்பாவை என்னும் பெயரின் திரிபே அது. அவ்விழாவில் ஆடப்பட்ட பேரூசல் 1935-இல் நிறுத்தப்பட்டது. ஓதல் மட்டும் நிற்கவில்லை. மணிவாசகரின் பாடல் தாய்நாட்டு நாவில் திரிந்து, பொருள் அறியப்படாத மறைமொழியாக அங்கு ஓதப்பட்டு வருவதைத் தனிநாயக அடிகள் தமிழுலகிற்கு எடுத்துரைத்தார். தமிழர் பலர் இதனைக் கேட்டு மகிழ்ந்து மார்தட்டுவர். மார்தட்டுமுன் சற்று எண்ணல் வேண்டும். ஓதுவோர்க்குப் பொருள் தெரியாது, கேட்போர்க்கும் தெரியாது. பாவைப் பெண்களைத் துயிலெழுப்பும் பாட்டு அங்கு எவரையும் எழுப்பவில்லை. ஒலி கடல் கடந்தது. உயிர் கரையிலேயே நின்றுவிட்டது.

காரமடையில் தாய்லாந்துக் கூரையின்கீழ்ப் பாலிமொழியில் ஓதி, பொருளறியாத் தமிழர் கைகூப்பி அமர்ந்தால் நிகழ்வதும் அதுவே. தமிழ்நாட்டுத் திருக்கோயில்களில் வடமொழி ஓதப்படுவதை எதிர்த்து நிற்கும் தமிழுணர்வாளர், புத்தப்பள்ளியில் பாலியை மட்டும் எப்படி ஏற்பர்? புத்தர் மக்கள் பேசும் மொழியில் அறம் உரைத்தவர். புத்ததாசர் தம் மக்களுக்குத் தம் மொழியில் ஓதக் கற்பித்தவர். அவர்களைப் பின்பற்றுவோர் தமிழில் ஓதுவதே அவர்களுக்குச் செய்யும் வழிபாடு. நீலமலையில் வளர்ந்த அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் சாக்கிய புத்த சங்கம் நிறுவி, புத்தர் வரலாற்றையும் அறத்தையும் 'ஆதிவேதம்' என்னும் தமிழ்நூலாக எழுதி வழிகாட்டினார். மயிலை சீனி. வேங்கடசாமி 'பௌத்தமும் தமிழும்' என்னும் நூலை 1940-இல் வெளியிட்டுத் தமிழரின் மறந்த உறவை நினைவூட்டினார். கையிலுள்ள விளக்கை அவித்துவிட்டுக் கடல்கடந்து தீ இரப்பது அறிவாகாது.

பெயரும் அவ்வாறே. ஆழியாற்றில் வேதாத்திரி அடிகள் தம் பயிற்சிக்கு 'மனவளக்கலை' என்றும் கூடத்திற்கு 'அறிவுத் திருக்கோயில்' என்றும் பெயரிட்டார். தமிழ்ப்பெயரால் அப்பயிற்சி சுருங்கிற்றா? கடல்கடந்தும் பரவியது. வெள்ளியங்கிரியின் குவிமாடமோ மண்ணால் தமிழாகியும் பெயரால் வடமொழியாக நிற்கின்றது. காரமடையில் எழுவதற்கு 'ஊழ்கப்பள்ளி' என்னும் பெயரே போதும். பள்ளி என்னும் சொல்லின் பெருமை சிறிதன்று. அமணர் குகையைப் பள்ளி என்றது தமிழ்; புத்தர் மன்றத்தைப் பள்ளி என்றது; இசுலாமியர் தொழுமிடத்தைப் பள்ளிவாசல் என்றது; பிள்ளைகள் கற்குமிடத்தையும் பள்ளி என்றது. வந்த நெறிகளையெல்லாம் தன் ஒரு சொல்லுக்குள் குடியமர்த்திய மொழிக்கு இன்னொரு கூரை பாரமாகாது.

ஈழம் எழுப்பும் வினா

'புத்தம்' என்றவுடன் தமிழ்நெஞ்சில் ஒரு முள் தைப்பதை மறைக்க வேண்டா. 1972-ஆம் ஆண்டு அரசமைப்பால் புத்தத்திற்கு முதன்மையிடம் கொடுத்து, 1978-இன் அரசமைப்பிலும் அதனைத் தொடர்ந்த இலங்கை அரசின் கீழ்த்தான் 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 2009-இல் முள்ளிவாய்க்கால் நிகழ்ந்தது. தமிழர் நிலத்தில் புதிய விகாரங்கள் எழும்பியதும், அவற்றின் நிழலில் நிலம் பறிபோனதும் ஈழத்தமிழர் பட்ட பாடு. அவ்வாறிருக்கக் கொங்கில் ஒரு புத்தப்பள்ளியா எனச் சினப்போரின் சினத்தில் நயன்மை உண்டு.

ஆனால் அச்சினம் எங்கே கொண்டுபோய் விடுகின்றது என்பதையும் காணல் வேண்டும். புத்தம் தமிழர்க்கு உரியதன்று எனத் தமிழனே சொல்வானாயின், யாழ்ப்பாணத்துக் கந்தரோடையின் சிறுதூபிகள் முதல் தமிழீழ மண்ணில் கிடைக்கும் புத்தச் சின்னங்கள் அனைத்தும் சிங்களர் சின்னமே என எழுதிக் கொடுத்ததாகும். 'எங்கு புத்தர் படிமம் உண்டோ அங்குச் சிங்களர் நிலம் உண்டு' என்னும் வல்லுரிமைக் கூற்றுக்குத் தமிழனே கையெழுத்திட்டதாகும். மணிமேகலை பிறந்த மொழிக்கு அக்கையெழுத்து அடுக்குமா? அவள் பல்சமயத்தார் கருத்தையும் கேட்டறிந்த வஞ்சி, கொங்கின் கருவூரே என அறிஞர் பலர் கொள்வர். தமிழ்ப்பெயரோடு, தமிழ் ஓதலோடு, தமிழ்க் கல்வெட்டோடு கொங்கில் நிமிர்ந்து நிற்கும் ஒரு புத்தப்பள்ளி, புத்தம் ஓரினத்தின் படைக்கருவியன்று என்பதற்குக் கல்லில் வெட்டிய சான்றாகும். பாலியும் சிங்கள முறையும் தாய்லாந்து ஒப்பனையுமாக நிற்கும் பள்ளியோ எதிர்தரப்பின் வழக்கிற்கே சான்றுரைக்கும்.

செய்யத்தக்கது

கட்டடவியலாரே, தாய்லாந்துக்குச் சென்று கூரையை அளந்து வருக; அங்குள்ள மழையைக் காரமடைக்குக் கொண்டுவர இயலாது என்பதை மறவற்க. பொருள் கொடுப்போரே, பொன்தகட்டிற்குக் கொடுக்கும் தொகையைப் பனைமரத்திற்கும் சுண்ணாம்பிற்கும் கொங்குக் கைவினைஞர் கூலிக்கும் கொடுக்க. பயிற்சி அளிப்போரே, பாலி ஓதலைத் தமிழில் பெயர்த்து, எளிய உழவனுக்கும் விளங்கும்படி ஓதுக. தமிழ் உணர்வுடையோரே, அயற்கூரை என்று விலகி நிற்பதை விட்டு, அடிக்கல் நாட்டும் நாளிலேயே சென்று பெயர்ப்பலகையில் எந்த எழுத்து வருகின்றது எனக் கேட்க. கட்டி முடித்தபின் கேட்பது காலங்கடந்த கேள்வி.

நாகைப் பெரும்பள்ளி இடிந்தபோது கேட்க ஆளில்லை. காரமடையில் அடிக்கல் ஊன்றும்போதாவது கேட்க ஆளிருக்கட்டும். கூரை எவருடையதாயினும் பள்ளி தமிழாகுக!